பிரேக் போடாத வீல்சேரும் கேள்வி கேட்காத புதியவரும்

கேள்வி: ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் 11 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக (நோயாளிகளை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குபவராக) இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களைத் தயார்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. என் நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஒருவர் எதற்கெடுத்தாலும் ஓடிவந்து கேட்கிறார். இன்னொருவர் எதையுமே கேட்பதில்லை. போன வாரம் அந்த இரண்டாமவர், பக்கவாதத்தில் இடது பக்கம் பலவீனமான ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது வலது பிரேக்கைப் போட மறந்துவிட்டார். நாற்காலி பின்னால் நழுவியது. தற்செயலாக நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்துவிட்டேன். பதற்றத்தில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் டிரான்ஸ்ஃபர், அதாவது நோயாளியை இப்படி இடம் மாற்றும் வேலை, என்றாலே நர்ஸிடம் தள்ளிவிடுகிறார். நானோ இருவர் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இவர்களும் ஒடிந்துபோகக் கூடாது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வீல்சேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பிறகு யாராவது பார்த்தீர்களா? அந்த நேரத்தில் அந்தப் புதியவருக்காக இன்னொரு நோயாளி காத்துக்கொண்டிருந்தாரா? நடந்ததை எங்காவது எழுதி வைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. விழாமல் தப்பிய சம்பவத்தையும் விழுந்த சம்பவத்தைப் போலவே பதிவு செய்ய வேண்டும். "அதான் ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிட்டால், தேய்ந்துபோன பிரேக் அப்படியே இருக்கும். அடுத்த முறை பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். படிவத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். யார் தவறு என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்காமல், எந்தெந்த வரிசையில் என்னென்ன நடந்தது என்று போகட்டும். அப்படிப் போனால் அவர் விட்ட இடமும் தானாகவே வரும், வார்டு விட்ட இடமும் வரும்.

சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். சத்தத்துக்கு மட்டும். "பிரேக் விஷயத்தில் நான் சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்லை" என்று ஒரே வாக்கியம் போதும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவமானப்பட்ட புதியவர் கவனமாக இருக்கக் கற்றுக்கொள்வதை விட மறைக்கக் கற்றுக்கொள்வார். டிரான்ஸ்ஃபரை நர்ஸிடம் தள்ளிவிடுவது அதன் முதல் அறிகுறி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில், புதிதாக வந்தவர்களுக்குச் செய்முறை பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரத்தின்படி, படிக்கும் காலத்திலேயே 1000 மணி நேரமாவது களப்பயிற்சி செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த 1000 மணி நேரமும் பின்னால் கையெழுத்துப் போட இன்னொருவர் இருந்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். வேலையில் சேர்ந்த அன்று அந்த ஆள் காணாமல் போகிறார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்த, எங்கே நிறுத்துவது என்று தெரியாத ஒருவர் நோயாளியின் கட்டிலருகே தனியாக நிற்கிறார். இந்த முதல் வருடத்தில் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில் முக்கால்வாசி, நிறுத்துவதைப் பற்றியதுதான்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கை நரம்பு அடிபட்ட ஒருவருக்கு ஸ்ப்ளிண்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) செய்தேன். சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக்கைச் சுடுநீரில் போட்டு, மெத்தென்று ஆனதும் எடுத்துத் துடைத்து, கையில் வைத்து வளைத்து, ஓரங்களை மடித்துவிட்டேன். பார்க்க அழகாகவே வந்தது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. "எங்கேயாவது உறுத்துதா ஐயா?" என்று கேட்டேன். "இல்லைம்மா, நல்லாயிருக்கு" என்றார். அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அந்த இடத்தில் கொப்புளம். அரை மணி நேரம் முன்புதான் நானே பரிசோதித்து, அதே பக்கத்தில் "தொடு உணர்வு இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தேன்! உணர்வில்லாத தோலிடம் உறுத்துகிறதா என்று கேட்டிருக்கிறேன். இருபது, முப்பது நிமிடம் போட்டு உட்காரவைத்து, கழற்றிச் சிவப்பு மறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள், மூத்தவர் மும்முரமாக இருந்தார், "இவரை இன்னும் அரை மணி நேரம் உட்காரவைக்கட்டுமா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

இதனால்தான் உங்களிடம் கேள்வி கேட்பவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, கேட்காதவரைப் பற்றி அதிகம்.

கேட்காதவரிடம் "ஏதாவது சந்தேகமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "இல்லைங்க." "புரிஞ்சுதா?" என்பதும் அப்படியே. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால், வார்டு வாசலில் நின்றபடியே இரண்டு நிமிடம் பேசுங்கள். இன்றைக்கு இவரை எதற்காகப் பார்க்கப்போகிறீர்கள்? இவர் விஷயத்தில் என்ன விபரீதம் நடக்கலாம்? எதைக் கண்டால் நிறுத்துவீர்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் வராவிட்டால் அவர் உள்ளே தனியாகப் போக வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள்.

அந்தப் பதில் "கவனமாக இருப்பேன்" என்று இருக்கக் கூடாது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பல நாள் படுக்கையில் இருந்தவரை எழுப்பி நிற்கவைக்கப் போகிறார் என்றால், நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் உட்காரவைத்துவிடுவேன், கண் இருட்டுகிறது என்று சொன்னால் கருவியைப் பார்க்காமலே உட்காரவைப்பேன் என்று வர வேண்டும். முதுகுத் தண்டுவடத்தில் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர் என்றால், திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, வியர்ப்பது வந்தால் அது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவாக இருக்கலாம், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும், படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியையும் பட்டையையும் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிடுவேன் என்று வர வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவரா? பின்பக்கமாகத் திறந்து செய்ததா, சர்ஜன் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் செருப்புப் போடும் பயிற்சியை ஆரம்பிக்க மாட்டேன் என்று வர வேண்டும். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாதவரைக் குனிந்து செருப்பை மாட்டச் சொன்னால், மூட்டு நழுவ அது ஒன்றே போதும்.

பக்கவாதம் வந்தவரின் தோளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் வார்டில் பார்க்கிறோம். தளர்ந்துபோன கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது, இரண்டும் தோளைக் கெடுக்கும். புதியவர் இதைச் செய்ய மாட்டார். பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒரு கையைப் பிடித்து இழுப்பார், புதியவர் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிடுவார். "அம்மா, அந்தக் கையை விடுங்க, முதுகுப் பக்கம் பிடிங்க, நான் காட்டுறேன்" என்று சொல்ல அவருக்குப் பழக்கம் வேண்டும். இதை வகுப்பில் யாரும் பழக்குவதில்லை. நீங்கள் சொல்லும்போது அவர் காதில் விழ வேண்டும்.

கேட்பவர் விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் உடனே, நேராகப் பதில் சொல்லுங்கள். "நீங்களே யோசிங்க" என்று அந்த இடத்தில் விளையாட வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு, "நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதிலோடுதான் வந்திருப்பார், தைரியத்துக்கு ஒரு தலையாட்டல் தேவைப்பட்டிருக்கும். கொஞ்ச நாள் போனதும், அவசரமில்லாதவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு மதியம் மொத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள். அவற்றில் பாதிக்கு அவரே பதில் கண்டுபிடித்திருப்பார். உங்கள் காலைப் பொழுதும் மிஞ்சும்.

நம்மைப் போன்ற அனுபவஸ்தர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் "அது பேஷன்டைப் பொறுத்தது" என்போம். உண்மைதான். ஆனால் புதியவருக்கு அது பதிலே இல்லை. செவிலியர் துறையில் பாட்ரிசியா பென்னர் 1984-ல் திறமை வளர்வதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப் படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், மேல் படியில் இருப்பவர் விதியை நினைக்காமலே மொத்தச் சூழ்நிலையையும் பார்க்கிறார். மேலே நிற்கும் நாம் கீழே இருப்பவரிடம் நம் பாணியில் பேசினால் அவர் கைப்பிடி இல்லாமல் நிற்பார். அதனால் முதல் சில மாதங்களுக்குக் கறாரான விதி கொடுங்கள்: இரண்டு பிரேக்கையும் போட்டு, நாற்காலியை ஒரு முறை தள்ளிப் பார்க்காமல் யாரையும் எழுப்பக் கூடாது. விதிவிலக்கு கிடையாது. தளர்த்துவதைப் பிறகு பார்க்கலாம்.

சரி, எவ்வளவு காலம் பின்னாலேயே நிற்பது? இதற்கான விடை உங்கள் கையிலேயே இருக்கிறது, தொழில் அதுதானே. சட்டை போடப் பழக்கும்போது என்ன செய்கிறீர்கள்? எல்லாவற்றையும் நீங்களே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரிடம் விடுகிறீர்கள். அது வந்ததும் கடைசி இரண்டு பொத்தான். அப்புறம் கை நுழைப்பது. பின்னாலிருந்து முன்னால் வருகிறீர்கள், ஒவ்வொரு முறையும் அவர் கையாலேயே வேலை முடிகிறது. புதியவருக்கும் இதையே செய்யலாம். சிக்கலான நோயாளியிடம் மதிப்பீட்டை நீங்கள் செய்யுங்கள், குடும்பத்துக்கு விளக்குவதை அவர் செய்யட்டும். அடுத்த வாரம் கடைசிப் பதினைந்து நிமிடப் பயிற்சி அவருடையது. பிறகு முழு அமர்வும் அவருடையது, நீங்கள் அறைக்குள் மூலையில். பிறகு வாசலில். பிறகு போன் தூரத்தில். எந்தப் படியில் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வகைக்கு வகை அது மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைக்காயத்தில் போன் தூரத்தில் இருப்பவர் தண்டுவடக் காயத்தில் இன்னும் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மூலையில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் கஷ்டம். முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் "ஒரு நிமிஷம்" என்று சொன்னால் கையை எடுக்காமல் அப்படியே நிறுத்திவிட வேண்டும், காரணத்தை வெளியே வந்து சொல்கிறேன், என்பது போல. அதே வார்த்தையை அவரும் உங்களிடம் சொல்லலாம் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே சொல்லும்போது நின்றும் காட்டுங்கள். ஆபத்து என்றால் வார்த்தை எல்லாம் வேண்டாம், நேராகக் கை வையுங்கள்.

வெளியே வந்ததும் நீங்கள் முதலில் பேசாதீர்கள். "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் எங்கே விலகுகிறது என்று தெரியும், அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. திருத்தம் ஒரு தடவைக்கு ஒன்று. "நல்லா பண்ணீங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. "அவர் மூச்சு வாங்கியதும் நீங்களே உட்காரவைத்தீர்கள், நான் சொல்வதற்கு முன்னாலேயே" என்றால் அதைத் திரும்பச் செய்வார்.

டாக்டருக்குப் போன் செய்வதையும் பழக்க வேண்டும். நிறுத்திய பிறகு பலர் திணறுவது அங்கேதான். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கு வரி முறை இருக்கிறதே, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது, அதை இரண்டு பேரையும் உங்களிடமே சொல்லிப் பழகச் சொல்லுங்கள். நான்காவது வரியை எல்லோரும் விழுங்கிவிடுவார்கள். "சும்மா சொல்லலாம்னு..." என்று முடிப்பார்கள். விடாதீர்கள்.

பாதுகாப்போடு நின்றுவிட்டால் நம் வேலை பாதிதான். யாரும் விழவில்லை, எல்லாம் பத்திரம், ஆனால் ஒரு நோயாளி மூன்று வாரமாகப் பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் அது தரமான சிகிச்சை ஆகாது. கூம்பு கெட்டது என்று சொல்லவில்லை. எதற்காக அடுக்குகிறார் என்று புதியவரிடம் கேளுங்கள். "கை அசைவுக்கு" என்பார். அந்தக் கையால் அவர் என்ன செய்ய ஆசைப்படுகிறார்? அங்கே மௌனம் வந்தால், திரும்ப நோயாளியிடம் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். "அன்றாடச் செயல் பயிற்சி அளிக்கப்பட்டது, நோயாளி ஒத்துழைத்தார்" என்ற வரியை யாருடைய ஷீட்டிலும் ஒட்டலாம். "கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது கையைச் சட்டைக்குள் விட இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது, பொத்தானைத் தானே போட்டார், 12 நிமிடம் ஆனது" என்றால் நாளை வருபவர் அங்கிருந்து தொடரலாம். வாரத்துக்கு ஒரு ஷீட்டை எடுத்து மூவரும் சேர்ந்து படியுங்கள். சில வாரம் உங்களுடையதையும் எடுங்கள். என் பழைய ஷீட்டுகளை அப்படிப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

மதிப்பெண் போடுவதிலும் இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே நோயாளி சட்டை போடுவதை மூவரும் பார்த்து, பேசிக்கொள்ளாமல், நோயாளி எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் ஃபிம் அளவுகோலில் தனித்தனியே எண் போட்டுப் பாருங்கள். கை வைக்காமல் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் 5. கை வைத்துக் கொஞ்சம் உதவி, முக்கால் பங்கோ அதற்கு மேலோ அவரே செய்தால் 4. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் அவர் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டுமா, அந்த ஆள் கை கொடுக்க வேண்டுமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. நீங்கள் மூவரும் வேறு வேறு எண் போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதெல்லாம் இருக்கிற வேலைக்கு மேல் சும்மா நடக்காது. வாசலில் இரண்டு நிமிடம், வாரம் ஒரு மணி நேரம் இருவருக்கும் தனித்தனியே, கூடவே நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, அவ்வளவு நோயாளிகளைக் குறைக்கச் சொல்லி மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று போய்விடும். தர மறுத்தால், எந்த வகை நோயாளிகளை இந்த இருவருக்கும் இப்போதைக்குத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று அதே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் அந்த வீல்சேர் சம்பவம் இருந்தால் உங்கள் கோரிக்கைக்குக் கனம் கூடும். அந்த வாராந்தர ஒரு மணி நேரத்தில் கேஸ் மட்டும் பேச வேண்டாம். முதல் முறை தன் நோயாளி இறந்துபோவது, குடும்பத்தார் திட்டுவது, இதையெல்லாம் அவர்கள் வேறு எங்கே போய்ச் சொல்வார்கள்?

சிலருக்கு எத்தனை மாதமானாலும் சரிவராது. நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த மாட்டார், கேட்டால் செய்தேன் என்பார். அப்போது தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதி, அவரிடம் காட்டிவிட்டு மேலே கொடுக்க வேண்டும். வழிகாட்டியும் நீங்களே, இப்படி எழுதுபவரும் நீங்களே என்பது சங்கடமான இரட்டை வேஷம். இருவரிடமும் இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் கேட்காதவர் அந்த ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்திருக்கிறார்.

அந்தப் பெரியவர் இன்னும் வார்டில் இருந்தால், நாளைக்கே அதே டிரான்ஸ்ஃபரை அந்தக் கேட்காதவரையே செய்யச் சொல்லுங்கள். நர்ஸிடம் தள்ள விடாதீர்கள். பெரியவரிடமும் முதலில் கேளுங்கள், அன்று பயந்தது அவரும்தான். நாற்காலியை நல்ல கைப் பக்கம் சாய்வாகப் போட்டு, ஃபுட்ரெஸ்டை ஒதுக்கி, இரண்டு பிரேக்கையும் போட்டு, ஒரு முறை தள்ளிப் பார்ப்பது வரை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் செய்யட்டும். நீங்கள் பெரியவரின் பலவீனமான பக்கம் நில்லுங்கள், இரண்டாவது ஆளாக. பிரேக்கை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.